மூன்றாம் பாத்தியின் சிவப்புக் கோடு

சென்ற வாரத் திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு என் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் நந்தினி. நான் ஓய்வு பெற்ற மண் ஆய்வு நிலையத்தில் என் மேசைக்கு இப்போது உரியவர். நேரில் பார்த்தது இரண்டே முறை. படத்தில் ஒரு பழைய பதிவேட்டின் பக்கம். மழை, தண்ணீர், மண் என்று மூன்று பத்திகள். மண் என்ற பத்தியின் மேல், தலையிலிருந்து கால்வரை, அளவுகோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. கோட்டின் அடியில் மூன்று கையெழுத்துகள்.

"அங்கிள், மூணாம் பாத்தியோட ரெண்டு வருஷக் கணக்க ஏன் வெட்டிட்டீங்க? கம்ப்யூட்டர் சொல்றது சரியான்னு பார்க்க எனக்கு அது வேணும்லா. கையெழுத்துல ரெண்டு தெரியுது. மூணாவது தமிழ்ல 'அஞ்சலை'ன்னு இருக்கு. பழைய ஆபீசர் லிஸ்ட் முழுக்கத் தேடிட்டேன், அப்படி ஒரு பேரே இல்லையே?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். நாளை போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்தேன். கைப்பேசியில் அடங்குகிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களையும் ஆண்டுகளையும் கூடியவரை தவிர்த்திருக்கிறேன். கிழமைகளையும் மணிகளையும் மட்டும் விட மனம் வரவில்லை. அவை என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

இன்றைக்கு வேலை நடக்கும் விதம் வேறு. நந்தினி ஒரு சிறிய பறக்கும் கருவியை ஏவுகிறார். மேலேயிருந்து வரும் படங்களைக் கணினிக்குக் கொடுக்கிறார். ஒரு மத்தியானத்துக்குள் ஒரு மலை முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரிந்துவிடுகிறது. எங்கே மண் போகிறது, எங்கே நிற்கிறது என்று அந்த நிறங்கள் சொல்கின்றன. நான் குறை சொல்லவில்லை. அந்தக் கணினிக்குள்ளே இருப்பதும் நாங்கள் பென்சிலால் பெருக்கிய அதே சூத்திரம்தான். மழையின் வலு, மண்ணின் இளக்கம், சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே போர்த்தியிருக்கும் பச்சை, மனிதர் கட்டிய காப்பு. இந்த ஐந்தையும் பெருக்கினால் ஓராண்டில் ஒரு நிலத்திலிருந்து எவ்வளவு மண் கரைந்து போகும் என்று ஒரு விடை வரும். பயிற்சிக் காலத்தில் நான் கற்றுக்கொண்டது அந்தப் பெருக்கல் ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் கற்றது பாத்திகளில்.

பாத்தி என்றால் இப்படி. சரிவில் இருபத்திரண்டு மீட்டர் நீளத்துக்கு நிலத்தை அளந்து, சுற்றிலும் தகரத்தை மண்ணில் பாதி புதைத்து நட்டுவிடுவோம். வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்தண்ணீர் வெளியே போகாது. கீழ்முனையில் ஒரு வாய்க்கால், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் கீழே தொட்டி. மழை பெய்து ஓய்ந்ததும் தொட்டியில் நிற்கும் தண்ணீரின் உயரத்தை அளந்து, கலக்கி, ஒரு போத்தல் எடுத்து, நிலையத்துக்குக் கொண்டுவந்து வடிதாளில் வடித்து, அடுப்பில் உலர்த்தி, தராசில் வைப்போம். தாளில் தங்கிய அந்தச் சிட்டிகைப் புழுதியிலிருந்து மலையின் கணக்கு தொடங்கும்.

எங்களிடம் மூன்று பாத்திகள் இருந்தன. முதல் இரண்டும் நிலையத்துக்குப் பின்புறம். மூன்றாவது, சுங்கை சிப்புட் பக்கம், கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களை முக்கால்வாசி வெட்டித் தீர்த்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில். அதன் கீழே, தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஆறு மிஞ்சியிருந்தன. அந்த ஆறாவது வீட்டில் இருந்தவர்தான் அஞ்சலை அக்கா. இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது கித்தாப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் வேலையை நிறுத்தியதும், பாத்தியைப் பார்த்துக்கொள்ள அவரை நியமித்தோம். மழை பெய்த மறுநாள் காலை எட்டு மணிக்கு மேலே ஏறுவார், மழைமானியைப் பார்ப்பார், தொட்டியை அளப்பார், போத்தலை நிரப்பி, தேதி எழுதிய அட்டை கட்டுவார். திங்கள்தோறும் நான் மோட்டார் சைக்கிளில் போய் அந்த வாரத்துப் போத்தல்களை வாங்கி வருவேன். பாத்தியை அவர் பாத்தி என்று சொன்னதில்லை. 'தகரப்பட்டி' என்பார், ஏதோ உள்ளே ஆடு நிற்பதுபோல.

அந்தத் திங்கட்கிழமைகள் இப்போதும் மத்தியான அரைத்தூக்கத்தில் வருகின்றன. மாசி மாதம், கித்தா இலை உதிரும் பருவம். சரிவு முழுவதும் செம்பு நிறத்தில் கிடக்கும். காற்றே இல்லாமல் இலைகள் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், தண்ணீருக்குள் இறங்குவதுபோல இறங்கும். எங்கோ ஒரு காய் வெடிக்கும் சத்தம். தூரத்தில் சுண்ணாம்பு மலைகள் பாதி தெரியும், பாதி மூடியிருக்கும். போத்தல்கள் பெட்டிக்குள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் தெளிந்த தண்ணீர். இந்த மலை ஒன்றையும் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டே நான் வண்டியைக் கிளப்புவேன்.

என் மேலதிகாரி திரு. குலசேகரமும் அப்படித்தான் நினைத்தார். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ஈப்போவில் பிறந்து வளர்ந்தும் பேச்சு மாறவில்லை. எந்தப் பதிவேட்டைத் திறக்கும் முன்பும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு அளவுகோலால் எண்ணை மூடிக்கொள்வார்.

"அண்டைக்கு என்ன மழை காணும்?"

"பதினெட்டு மில்லிமீட்டர் சார்."

"நான் எண் கேக்கேல்லை. என்ன மழை? நேராப் பெய்ததோ, சாய்ச்சுப் பெய்ததோ? எத்தனை மணிக்கு? முதலே நிலம் நனைஞ்சு கிடந்ததோ?"

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் அளவுகோல் விலகும். மழையைத் தெரியாதவனுக்கு எண்ணைப் பார்க்க உரிமை இல்லை என்பது அவர் கட்சி. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அந்த அளவுகோலுக்குப் பயந்துதான்.

மூன்றாம் பாத்தி அவருக்குப் பிள்ளை மாதிரி. சூத்திரத்தின்படி பார்த்தால் அந்தச் சரிவில் மண் கொட்ட வேண்டும். போத்தல்களோ கொட்டவில்லை என்று சொல்லின. முதல் இரண்டு பாத்திகளில் சூத்திரமும் அளவும் ஏறத்தாழ ஒத்துப்போக, இங்கே மட்டும் இரண்டு ஆண்டுகளாகப் பெரிய இடைவெளி. திரு. குலசேகரம் அதற்கு ஒரு விளக்கம் கண்டார். இந்தச் சிவந்த களிமண், துகளோடு துகள் கட்டிப்பிடித்து நிற்கும் தன்மையுடையது. வேறு நாட்டு நிலத்தில் பிறந்த சூத்திரத்துக்கு அந்தப் பிடிப்பு தெரியாது. இதைப் பதினோரு பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். நான் படித்த அறிக்கைகளில் மண்ணைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஓய்வு பெறுமுன் அவர் கொடுக்கவிருந்த கடைசி அறிக்கையின் நடுப்பகுதி அது.

நிலத்துக்கு அனுமதி தரும் ஒரு குழு அந்த அறிக்கைக்காகக் காத்திருந்தது. லயத்துக்கு மேலே உள்ள சரிவு முழுவதையும் மொட்டையாக்கிப் படிக்கட்டுபோல வெட்டலாமா என்று நிலத்துக்காரர் கேட்டிருந்தார். மண் நிற்கும் என்று நாங்கள் எழுதினால் வெட்டுவார்கள். போகும் என்று எழுதினால், ஆறு வீடுகளுக்கு மேலே உள்ள பகுதியையாவது விட்டுவைப்பார்கள்.

அறிக்கை கொடுக்க ஆறு நாள் இருந்தது. அன்று புதன்கிழமை. செவ்வாய் மாலை சுங்கை சிப்புட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம், அங்கேயே தங்கிவிட்டேன். இரவில் நல்ல மழை. காலையில் ஈப்போவுக்குத் திரும்பும் வழியில், போத்தலை இன்றைக்கே வாங்கிவிடலாமே என்று தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பினேன். மேல்பக்கத்துப் பாதையில் போய் நிறுத்தியபோது மணி எட்டு பத்து.

கீழே தொட்டியருகில் அஞ்சலை அக்கா நின்றிருந்தார். தலையில் துண்டு, முழங்கால்வரை பூட்ஸ். பின்னால் இறங்கி வந்து நின்ற என்னைப் பார்க்கவில்லை. துடுப்பை எடுத்துத் தொட்டியைக் கலக்கினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, அடிவரைக்கும், வலமாகப் பத்து, இடமாகப் பத்து. தண்ணீர் செங்கல் நிறமாகச் சுழன்றது. பிறகு துடுப்பைத் தகரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நின்றார்.

சும்மா நின்றார். மூடுபனி மரங்களுக்கிடையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பறவை விட்டு விட்டுக் கூவியது. அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு ஒரு கித்தா இலையைப் பொறுக்கி, மேலே மிதந்த நுரையையும் துணுக்கையும் ஓரத்துக்கு ஒதுக்கினார். போத்தலின் வாயை விரலால் பாதி மூடி, சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் உள்ளே வாங்கினார். ஒரு சுழி இல்லை, ஒரு குமிழி இல்லை. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சேற்றைப் புல்லில் ஊற்றிக் கழுவினார்.

அந்தக் கைகளை எனக்குத் தெரியும். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். மரத்தில் கட்டிய கோப்பையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோர் தொட்டிக்கும் பாலை ஊற்றும்போது தோட்டத்துப் பெண்களின் மணிக்கட்டு அப்படித்தான் திரும்பும். மண்ணும் பட்டையும் அடியில் தங்க வேண்டும், பால் மட்டும் போக வேண்டும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிமிர்ந்தவர் என்னைக் கண்டு துள்ளிவிட்டார். "ஆத்தாடி! என்ன தம்பி, கள்ளன் மாதிரி பின்னால வந்து நிக்கிறீங்க? இன்னிக்குத் திங்கக்கெழமையா?"

"இல்லக்கா, புதன். சும்மா வந்தேன். கலக்கிட்டு ஏன்கா நின்னீங்க?"

"தூசி அடங்கணும்ல? கலங்கலாவா கொண்டுபோயி கொடுப்பாங்க?" என்று சிரித்தார். "இருவத்தாறு வருஷம் பால் ஊத்துனேன். அஞ்சல வாளியில ஒரு எலத்துணுக்கு கெடந்துச்சுன்னு கணக்குப் பாக்குற எந்தக் கிராணியும் சொன்னதில்ல. கேட்டுப் பாருங்க."

"தினமும் இப்படித்தான் எடுப்பீங்களா?"

"பின்ன? மொதல்ல சொல்லிக்கொடுத்தப்ப ஒங்களுக்கு அவசரம். நீங்க கலக்குனீங்க, நான் போத்தல முக்குனேன். தனியா இருந்தா நான் நிதானமாத்தான் செய்வேன்லா."

போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டவுனில் ஒரு பாய் டீக்கடையில் தே குடிக்க உட்கார்ந்தேன். பையில் இருந்த விதிமுறைத் தாளை எடுத்துப் பிரித்தேன். முதல் ஆண்டு நான் எழுதி, நானே தட்டச்சு செய்து, தகரத்தில் ஒட்டிக்கொடுத்த தாளின் பிரதி. ஐந்தாவது வரி: 'தொட்டியை அடிவரை கலக்கவும்.' ஆறாவது வரி: 'போத்தலை நிரப்பவும்.' இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளிக்குள் அக்கா வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் அடங்கியிருந்தது. உடனே என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

"என்ன சார், பார்த்தே குடிச்சிடலாம்னு இருக்கீங்களா? ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரவா?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கிளாஸ் ஆறும் நேரம் நான் சும்மா இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். யாருக்கும் தெரியாது. அக்காவின் வேலை போகாது. திரு. குலசேகரத்தின் பதினோரு பக்கங்கள் அப்படியே இருக்கும். என் தாளை யாரும் தேட மாட்டார்கள். பிறகு அந்த ஆறு கூரைகள் நினைவுக்கு வந்தன. ஆறாவது கூரையின் கீழே கொடியில் காயும் துண்டு நினைவுக்கு வந்தது.

வியாழன் காலை ஒன்பது ஐந்துக்குத் திரு. குலசேகரத்தின் அறைக்குள் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றினார்.

"அந்த விதிமுறை, நீர் எழுதினதோ?"

"ஆமா சார்."

"நான்தானே வாசிச்சு ஒப்பம் வைச்சனான்?"

"ஆமா சார்."

சன்னல் பக்கம் திரும்பினார். "அடிச் சேறு?"

"கழுவி ஊத்திட்டாங்க சார். ஒவ்வொரு தடவையும்."

"அப்ப திருத்தவும் ஏலாது." அறிக்கைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைத் தடவிப் பார்த்ததுபோல எனக்குப் பட்டது. "மழை வரட்டும். நான் வந்து பாக்கிறன்."

அன்று மாலையே மழை வந்தது. நான்கு நாற்பதுக்குத் தொடங்கி, நேராக, காற்றில்லாமல் பெய்தது. வெள்ளி காலை அவர் மெருகிட்ட சப்பாத்துக் காலோடு அந்தச் சரிவில் ஏறினார். இரண்டு இடத்தில் வழுக்கினார், கையை நீட்டினேன், வாங்கவில்லை.

அஞ்சலை அக்கா பெரிய அதிகாரியைக் கண்டு தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "சொல்லியிருந்தா நல்ல சீலையா கட்டியிருப்பேனே தம்பி" என்று என் காதில் கடிந்துகொண்டார்.

ஒரே தொட்டி. முதலில் நான் கலக்கக் கலக்கவே திரு. குலசேகரம் கைச்சட்டையை மடித்துவிட்டுத் தானே போத்தலை முக்கினார். பிறகு, "இப்ப நீங்கள் செய்யிற மாதிரிச் செய்யுங்கோ அம்மா, நாங்கள் இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அக்கா கலக்கினார். நின்றார். வெற்றிலையை மட்டும் மரியாதைக்காக எடுக்கவில்லை. நுரையை ஒதுக்கி, சாய்த்து, நிரப்பினார்.

இரண்டு போத்தல்களையும் தகர விளிம்பில் பக்கம் பக்கமாக வைத்தார் திரு. குலசேகரம். ஒன்று பால் ஊற்றிய தே. மற்றது ஊற்றுத் தண்ணீர்.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் இந்தத் தொட்டிதானே?"

"ஓம் அம்மா."

"ஒங்களுக்கு வேண்டியது தண்ணி இல்லையா? அழுக்கா?"

"அதுதான் அம்மா. அதை அளக்கத்தான் இவ்வளவு பாடும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்களுக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம். மண்ணைத்தான் தேடுகிறோம் என்று இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அக்கா மேலே பார்த்தார். சரிவு ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கீழே, கூரைகளைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் மல எறங்கி வந்துகிட்டுத்தான் இருந்திருக்கு. நாந்தான் கழுவிக் கழுவி மறச்சிருக்கேன். எந்தலைக்கு மேல உள்ளத நானே."

"பிழை உங்கடை இல்லை" என்றார் திரு. குலசேகரம். "தாளில் இல்லாததை நீங்கள் எப்பிடிச் செய்வியள்?"

"யாரு பிழையா இருந்தா என்னங்கையா? கையி என்னோடதுதானே."

திங்கட்கிழமை அக்கா பஸ் பிடித்து ஈப்போவுக்கு, எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. நல்ல சேலை கட்டியிருந்தார். அடுப்பிலிருந்து வடிதாள்களை எடுத்துத் தராசில் வைப்பதை, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்ப்பவர்போலப் பார்த்தார். ஒரு தாளில் தூசிப்பூச்சு. மற்றதில் நகத்தால் கீறினால் கோடு விழும் கனம்.

திரு. குலசேகரம் பதிவேட்டைத் திறந்தார். எண்ணை மூட வைக்கும் அதே அளவுகோலை நிமிர்த்தி வைத்து, சிவப்பு மையால் ஒரே இழுப்பாக இழுத்தார். கீழே ஒப்பமிட்டார். என்னிடம் நீட்டினார், நான் போட்டேன்.

"நானும் போடணும்" என்றார் அக்கா.

"உங்களுக்கு அவசியமில்லை அம்மா."

"நான் எடுத்த தண்ணிக்குத்தானே கோடு போட்டீங்க? கொடுங்க."

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்கு வகுப்பு படித்தவர். பேனாவைப் பால்கத்தி பிடிப்பதுபோல் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, எழுதினார். நந்தினி கேட்ட மூன்றாவது கையெழுத்து அதுதான்.

அறிக்கை தள்ளிப்போனது. மேலிடத்திலிருந்து ஒரு கோபக் கடிதம் வந்தது. அதைத் திரு. குலசேகரம் மடித்து, பதினோரு பக்கங்களோடு சேர்த்து இழுப்பறையில் வைத்தார். ஒரு மழைப்பருவம் முழுவதும் மீண்டும் அளந்தோம். விதிமுறையின் ஆறாவது வரி இப்போது இப்படி இருந்தது: 'கலக்கிக்கொண்டிருக்கும்போதே போத்தலை முக்கவும். இந்தச் சேறுதான் நமக்கு வேண்டியது.' இரண்டாவது வாக்கியம் அவர் சேர்த்தது. அந்தப் பருவத்து எண்கள் சூத்திரத்துக்குச் சற்றுக் கீழே, ஆனால் அதன் பக்கத்திலேயே நின்றன. அவர் சொன்ன பிடிப்பு மண்ணுக்குக் கொஞ்சம் இருந்தது. பதினோரு பக்கத்துக்குப் போதுமான அளவு இல்லை. லயத்துக்கு மேலே உள்ள சரிவைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றார். முடிவு என்ன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பருவத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அக்கா சொன்னபடியே எடுத்தார், ஒரு போத்தலும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டித்தான் கொடுப்பார். உடையாமல் இருப்பதற்காக்கும் என்று முதலில் நினைத்தேன்.

"உடையுறதா? அதெல்லாம் இல்ல தம்பி. இத வெளியில தெரியக் கொடுக்க வெக்கமா இருக்கு. பார்க்கிறவங்க என்ன நெனைப்பாங்க, அஞ்சல கொடுத்த தண்ணியான்னு."

வாராவாரம் நிலையத்தில் உட்கார்ந்து நூலைப் பிரிப்பேன். பழைய செய்திகளுக்குள்ளிருந்து மலை வெளியே வரும்.

குழுவின் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. லயத்துக்கு மேலே உள்ள சரிவை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று இருந்தது. நான் அக்காவிடம் சொல்லப் போகுமுன்பே தோட்டத்துக்குச் செய்தி போய்விட்டது. நந்தினி, உங்கள் நிறப்படத்தில் சிவப்புக்கு நடுவில் ஒரு நீளமான பச்சைத் துண்டு இருக்கும். பாருங்கள், அதுதான்.

அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல் எட்டரைக்குப் போனேன். அக்கா வீட்டில் இல்லை. மேலே தகரப்பட்டியருகில் புல் வெட்டும் சத்தம் கேட்டது. வாசல்படியில் பெட்டி தயாராக இருந்தது, நான்கு போத்தல்கள், அட்டை கட்டி. எதிலும் பேப்பர் சுற்றியிருக்கவில்லை. லயத்து ஆட்கள் எல்லாரும் போய் வரும் அந்தப் பாதையில், வெயில் படும்படி, அடியில் செங்கல் நிறச் சேறு தெரிய வரிசையாக நின்றுகொண்டிருந்தன.